புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு: முதல் 90 நாளில் ஆட்களின் உற்சாகத்தைக் கெடுக்காமல் இருப்பது எப்படி?

நான் டீம் லீட் ஆன முதல் திங்கட்கிழமை, குழுவில் இருந்த 7 பேரையும் உட்காரவைத்து 40 நிமிடம் பேசினேன். ஸ்லைடெல்லாம் போட்டு, கனவு, உழைப்பு, ஒற்றுமை என்று ஒன்று விடாமல் பேசினேன். கைதட்டினார்கள். நாலாவது மாதம் முடிவதற்குள் இரண்டு பேர் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் குழுவிலேயே கெட்டிக்காரர்.

கடைசி நாளன்று அவரிடம் காரணம் கேட்டேன். "ஒரு சாஃப்ட்வேருக்கு லாகின் கேட்டிருந்தேன் சார். மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் 'பார்க்கிறேன்'னு சொன்னீங்க" என்றார். அந்த லாகின் இல்லாததால் தினமும் ஒன்றரை மணி நேரம் அவர் கையால் செய்துகொண்டிருந்தார். வாங்கித் தருவதற்கு நான் எழுதியிருக்க வேண்டியது ஒரே ஒரு மெயில்.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மேடைப் பேச்சுக்கான யோசனை எதுவும் இதில் கிடையாது. எந்தக் காகிதம் வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும், எங்கே சறுக்கும் என்பதுதான் இருக்கும். 5 முதல் 10 பேர் உள்ள குழுவை மனதில் வைத்துச் சொல்கிறேன். ஆபீஸோ, ஃபேக்டரி ஷிப்டோ, மருத்துவமனை வார்டோ, எங்கே இருந்தாலும் நேரக் கணக்குதான் கொஞ்சம் முன்பின்னாகும்.

1. பொறுப்பேற்கும் முன்: உங்கள் அதிகாரம் எதுவரை என்று எழுத்தில் வாங்குங்கள்

பதவி உயர்வுக் கடிதத்தில் புதுப் பதவியின் பெயர் இருக்கும், சம்பளம் இருக்கும். நீங்களாக எதை முடிவு செய்யலாம் என்பது இருக்காது. அது தெரியாமல் ஆட்களோடு பேச உட்கார்ந்தால், உங்கள் கையில் இல்லாததை எல்லாம் தருவதாக ஒப்புக்கொண்டு எழுவீர்கள். நான் அப்படித்தான் எழுந்தேன்.

மேலதிகாரிக்கு ஒரு மெயில் அனுப்பி இந்த ஐந்தையும் கேளுங்கள்:

- லீவு, ஷிப்ட் மாற்றம், வீட்டிலிருந்து வேலை: இவற்றை நானே அனுமதிக்கலாமா? எத்தனை நாள் வரை?
- யாரையும் கேட்காமல் நான் எவ்வளவு செலவு செய்யலாம்?
- ஒருவர் செய்யும் வேலையை இன்னொருவருக்கு மாற்ற யாருடைய ஒப்புதல் வேண்டும்?
- இன்க்ரிமென்ட்டுக்கும் புரமோஷனுக்கும் நான் சிபாரிசு செய்யலாமா? அந்தப் பட்டியல் எந்தத் தேதியோடு மூடப்படும்?
- பயிற்சிக்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா? அதில் மீதி எவ்வளவு?

நேரில் கேட்டால் "அதெல்லாம் நீங்களே பாத்துக்கலாம்" என்று பதில் வரும். நம்பாதீர்கள். அன்று மாலையே "நாம் இன்று பேசியபடி" என்று தொடங்கி, நீங்கள் புரிந்துகொண்டதை ஐந்து வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். தவறாக இருந்தால் திருத்துவார். பதிலே வராவிட்டாலும் கேட்டதற்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

ஹெச்.ஆரிடம் வாங்க வேண்டியவை மூன்று: ஒவ்வொருவரின் பணி விவரக் குறிப்பு, லீவு இருப்பு, கடைசி இரண்டு அப்ரைசல். முதல் இரண்டை உடனே படியுங்கள். அப்ரைசலை மட்டும் ஆளோடு ஒருமுறை பேசிய பிறகு பிரித்துப் படியுங்கள். முன்பிருந்த லீட் "சோம்பேறி" என்கிற தொனியில் எழுதியிருந்தால், அந்த ஆள் கொட்டாவி விட்டாலே உங்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இதற்கெல்லாம் சேர்த்து மூன்று நாள் போதும்.

2. முதல் இரண்டு வாரம்: ஒவ்வொருவரோடும் தனியாக 45 நிமிடம்

பேச்சு 45 நிமிடம், பிறகு குறிப்பு எழுத 15 நிமிடம். 7 பேருக்கு 7 மணி நேரம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் வைத்துக்கொண்டால் மூன்றாவது ஆளின் முகம் உங்களுக்கு நினைவில் நிற்காது.

முதலில் அழைக்கும் விதம். "ஃப்ரீயா இருந்தா கொஞ்சம் கேபினுக்கு வாங்க" என்று மொட்டையாகச் சொன்னால், வருபவர் வேலை போய்விட்டது என்ற பயத்தோடுதான் வருவார். இரண்டு நாள் முன்னதாகவே காரணத்தோடு எழுதுங்கள்: "எல்லோரோடும் தனித்தனியாகப் பேசுகிறேன். உங்கள் வேலை எப்படிப் போகிறது, எது இடைஞ்சலாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் எதுவும் தயாரிக்க வேண்டாம்." வாரத்தின் கடைசி நாள் மாலையில் வைக்காதீர்கள்.

நான் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை.

- போன மாதம் எந்த வேலையை முடித்தபோது "நல்லா வந்திருக்கு" என்று தோன்றியது?
- தினமும் எந்த வேலை உங்கள் நேரத்தை வீணாகத் தின்கிறது?
- யாரிடமாவது கேட்டுப் பதில் வராமல் கிடக்கும் விஷயம் ஏதாவது உண்டா?
- இரண்டு வருடத்தில் என்ன செய்துகொண்டிருக்க விரும்புகிறீர்கள்? இங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை.
- நல்ல வேலை செய்தால் எல்லோர் முன்னும் சொல்லலாமா, தனியாகச் சொன்னால் போதுமா?

மூன்றாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். அடுத்த படி முழுக்க அதில்தான் நிற்கிறது.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி ஆளுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். லேப்டாப்பில் தட்டிக்கொண்டே கேட்டால் போலீஸ் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடுகிறது. எழுதுவதற்கு முன் "இதைக் குறித்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். குடும்பம், உடல்நலம் பற்றி யாராவது மனம்விட்டுச் சொன்னால் பேனாவை மூடி வையுங்கள். அது நோட்டில் இருக்க வேண்டிய விஷயமே இல்லை.

சிலர் முதல் முறை வாயே திறக்கமாட்டார்கள். "எல்லாம் நல்லாத்தான் போகுது சார்." அதற்கு முன் மூன்று லீடிடம் சொல்லிப் பார்த்து அலுத்துப்போயிருப்பார்கள். விட்டுவிடுங்கள். மற்றவர்கள் சொன்னதில் நீங்கள் எதைச் செய்துமுடித்தீர்கள் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு அவர்களே வருவார்கள்.

முதல் சுற்று முடிந்ததும் இதையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு 30 நிமிடம் என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். 7 பேருக்கு மூன்றரை மணி நேரம். "அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவது?" என்று தோன்றும். அந்தக் கெட்டிக்காரர் போன பிறகு அவர் இடத்துக்கு ஆள் எடுக்க எனக்கு 9 வாரம் ஆனது. வந்தவர் வேலை பழக அதற்கு மேல் மூன்று மாதம்.

இந்தச் சந்திப்பைத் தள்ளிப்போட நேர்ந்தால் புதுத் தேதியை அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால், அவருடைய விஷயம் உங்கள் பட்டியலின் அடியில் இருக்கிறது என்று அவர் சரியாகவே புரிந்துகொள்வார்.

3. இரண்டாவது வாரம் முதல்: "பார்க்கிறேன்" என்ற சொல்லை ஒழியுங்கள்

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்து இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில் எரிச்சல் தந்தவை என்று அவர்கள் சொன்னதில் நிர்வாக விதிகள், மேற்பார்வை, வேலைச் சூழல், சம்பளம் போன்றவை நிறைய வந்தன. மகிழ்ச்சி தந்தவை என்று சொன்னதில் சாதித்த உணர்வு, அங்கீகாரம், வேலையின் சுவை, பொறுப்பு ஆகியவை வந்தன. அதாவது இரண்டும் வேறு வேறு குழாய்கள். எரிச்சலை நீக்கியதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. அந்த ஆய்வுமுறையைக் குறைசொன்னவர்களும் உண்டு. ஆனால் என் அனுபவத்தில் இன்னொன்றும் பார்த்தேன்: எரிச்சல் அப்படியே கிடக்கும்போது அதன்மேல் உற்சாகத்தை ஊற்றினால் அது கிண்டலாகத்தான் காதில் விழுகிறது. உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் வானத்தைத் தொடச் சொன்ன கதை.

ஆகவே முதலில் எரிச்சல்களைப் பொறுக்குவோம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து ஆறு பத்தி போடுங்கள்: யார் கேட்டது, என்ன கேட்டது, கேட்ட தேதி, முடிவு யார் கையில், நான் பதில் சொல்வதாகச் சொன்ன தேதி, முடிந்ததா. ஆளின் தனிப்பட்ட விஷயம் எதுவும் இதில் வரக்கூடாது. ஏனென்றால் இதைக் குழு முழுக்கப் பார்க்கும்.

என் முதல் பட்டியலில் 23 வரிகள் இருந்தன. அதில் 9 யாருடைய அனுமதியும் இல்லாமல் நானே அந்த வாரத்தில் முடிக்கக்கூடியவை. ஒரு லாகின், ஓர் இரைச்சலான மின்விசிறி, யாருமே படிக்காத ஒரு வாராந்திர ரிப்போர்ட், ஆள் தூங்கும் நேரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு மீட்டிங் அழைப்பு. எல்லாம் இந்த ரகம். அந்த ரிப்போர்ட்டை நிறுத்தியபோது இருவரின் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை என் 40 நிமிடப் பேச்சில் பார்க்கவில்லை.

யார் எதைக் கேட்டாலும் மூன்று பதிலில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

- "சரி, இந்தத் தேதிக்குள் முடித்துவிடுகிறேன்."
- "முடியாது, காரணம் இது."
- "இப்போது தெரியவில்லை, இந்தத் தேதியில் பதில் சொல்கிறேன்."

இரண்டாவதைச் சொல்லத்தான் நாக்கு எழாது. கெட்ட பேர் வாங்கவேண்டாமே என்று "பார்க்கிறேன்" சொல்லிவிடுவோம். கேட்டவர் அதை "சரி" என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பார். நான் பார்த்தவரை, காரணத்தோடு முடியாது என்று சொன்ன லீடை யாரும் வெறுப்பதில்லை. மாதக்கணக்கில் காக்கவைத்தவரை மறப்பதும் இல்லை.

மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது. சொன்ன தேதி வந்துவிடும், மேலிடத்திலிருந்து பதில் வந்திருக்காது. அன்றைக்குத்தான் நாம் அந்த ஆளைத் தவிர்த்துக்கொண்டு வேறு வழியாக நடந்துபோவோம். அப்படிச் செய்யாதீர்கள். "இன்னும் வரவில்லை, இரண்டு தடவை கேட்டுவிட்டேன், அடுத்த புதன்கிழமை மறுபடி கேட்கிறேன்" என்று அன்றே போய்ச் சொல்லுங்கள். வேலை நடக்கவில்லை என்றாலும் வாக்கு நடந்திருக்கிறது.

பட்டியலைப் புதுப்பிக்க வாரம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரை மணி நேரத்தைக் காலண்டரில் மீட்டிங் மாதிரிப் பூட்டிவையுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதைத் தின்றுவிடுவார்கள்.

4. முதல் மாத முடிவு: செய்யும் வேலை யாருக்குப் போகிறது என்று காட்டுங்கள்

பல பேர் தாங்கள் செய்த வேலையின் மறுமுனையைப் பார்த்ததே இல்லை. ஃபைல் போகிறது, பெட்டி போகிறது, அதோடு சரி.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் ஊழியர்களை வைத்து ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் அந்த நன்கொடையால் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. சந்திக்காதவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. சம்பளம் ஒன்றும் மாறவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் குழுவின் வேலையைப் பயன்படுத்தும் ஒருவரை 20 நிமிடம் வரவழையுங்கள். வெளி வாடிக்கையாளராக இருந்தால் மூன்று வாரம் முன்னால் அவருடைய நிறுவனத்தில் எழுத்து அனுமதி வாங்குங்கள். உள்ளே இருக்கும் அடுத்த துறைக்காரராக இருந்தால் ஒரு வாரம் போதும். "எங்கள் வேலை சரியாக வந்தால் உங்களுக்கு என்ன ஆகிறது? தப்பாக வந்தால் என்ன ஆகிறது?" இந்த இரண்டு கேள்வி போதும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டுச் சிலர் அன்று இரவே ஒரு பழைய பிழையைத் திருத்தினார்கள், நான் கேட்காமலேயே.

விருந்தினரின் இடத்தில் உங்கள் மேலதிகாரியைக் கொண்டுவந்து உட்காரவைக்காதீர்கள். வீடியோ எடுக்காதீர்கள். அது நடிப்பாகிவிடும்.

5. வேலையை ஒப்படைக்கும்போது: அரைப் பக்கக் குறிப்பு

பொறுப்புக் கொடுத்தால் உற்சாகம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறுப்பு என்ற பெயரில் வேலையை மட்டும் தள்ளிவிட்டு அதிகாரத்தை நம் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதுதான் நடக்கும். நானும் "முழுப் பொறுப்பும் உங்களுடையது" என்று சொல்லிவிட்டு, எல்லா மெயிலிலும் எனக்குக் காப்பி போடச் சொன்ன ஆள்தான்.

கொஞ்சம் பெரிய வேலை என்றால் அரைப் பக்கத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: கடைசியில் என்ன கிடைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், எத்தனை ஆள், எந்த எல்லையைத் தாண்டினால் என்னிடம் வந்து கேட்க வேண்டும், நடுவில் எந்த இரண்டு நாளில் நாம் உட்கார்ந்து பார்ப்போம். எப்படிச் செய்வது என்பதை எழுதாதீர்கள். கை அரிக்கும். விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நாளைத் தவிர வேறு நாளில் "எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்று கேட்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

இலக்கு பற்றி ஒரு வார்த்தை. "உங்களால் முடிந்த அளவு செய்யுங்கள்" என்பதைவிட, கொஞ்சம் கடினமான, தெளிவான இலக்குதான் நல்ல பலன் தருகிறது என்பதை எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் பல்லாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வேலையே புதிது என்றால் எண்ணிக்கை இலக்கு ஆளைப் பதறவைக்கும். அவருக்கு "இந்த மாதம் 50 முடியுங்கள்" என்பதற்குப் பதில் "இந்த மாதம் இதைச் செய்ய மூன்று வழி கண்டுபிடியுங்கள்" என்று கொடுங்கள். என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் வாரமே எண்ணிக்கை கொடுத்து, அவன் தப்பான வழியில் வேகமாகப் பழகிக்கொண்டதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது.

6. பாராட்டும் கண்டிப்பும்

பாராட்டுக்குச் செலவு கிடையாது என்பதால் அதை இஷ்டத்துக்கு அள்ளி வீசுகிறோம். "சூப்பர், கலக்கிட்டீங்க" என்று எல்லோருக்கும் தினமும் சொன்னால் ஒரு மாதத்தில் அது "வணக்கம்" மாதிரி ஆகிவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு: நடந்து இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும். என்ன செய்தார், அதனால் என்ன ஆனது, இரண்டும் அதில் இருக்க வேண்டும். "நேத்து அந்தப் பட்டியலை அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டாவது தடவை சரிபார்த்தீங்களே, அதுல சிக்கின தப்பு வெளியே போயிருந்தா அடுத்த துறைக்கு ரெண்டு நாள் வேலை வீணாகியிருக்கும்." இவ்வளவுதான். சொன்னதை அன்றே நோட்டில் அவருடைய பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். எதற்கு என்று அடுத்த படியில் தெரியும்.

இங்கே ஒரு பெரிய பொறி. தீப்பிடித்தபோது ஓடிவந்து அணைத்தவரை எல்லோரும் பாராட்டுவார்கள். தீயே பிடிக்காமல் பார்த்துக்கொண்டவர் கண்ணில் படமாட்டார். மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, யாருடைய பக்கம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் ஒன்றுமே செய்யாததால் காலியாக இருக்கலாம். நீங்கள் அவர் பக்கம் திரும்பாததால் காலியாக இருப்பதுதான் அதிகம்.

கண்டிப்புக்கு வருவோம். ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வதன் (ஃபீட்பேக்) விளைவு பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இருவர் 1996இல் அலசினார்கள். சராசரியாகப் பலன் நல்லதுதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேரங்களில் கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டுவிட்டு ஆளின் மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். "நீங்க எப்பவுமே கவனக்குறைவு" என்பது ஆள். "இந்த மூணு வரியில எண் தப்பா இருக்கு, எப்படி வந்துச்சுன்னு பார்ப்போமா?" என்பது வேலை. முதலாவதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் இரவு முழுக்க உங்களோடு மனதுக்குள் சண்டை போடுவார். எண் அப்படியே தப்பாகக் கிடக்கும்.

கண்டிப்பது எப்போதும் தனியாக. நடுவில் குறையை வைத்து இரண்டு பக்கமும் பாராட்டைப் பூசும் வித்தை வேண்டாம். இரண்டு முறை செய்தால், மூன்றாவது முறை நீங்கள் பாராட்டத் தொடங்கியதுமே அவர் அடிக்குத் தயாராகிவிடுவார்.

7. பணம்: பேசாமல் தப்பிக்க முடியாது

"நம்ம டீம்ல யாரும் காசுக்காக வேலை செய்யல" என்று ஒரு லீட் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் டீமில் யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை அவர்மேல். சம்பளம் குறைவு என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது மற்றதெல்லாம் கண்துடைப்பாகத்தான் தெரியும்.

முதல் படியில் கேட்ட தேதி நினைவிருக்கிறதா, சிபாரிசுப் பட்டியல் மூடப்படும் நாள்? அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மாதம் முன்பு யாருக்காகப் பேசப் போகிறீர்கள் என்று மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை மாதம் முன்பு எழுத்தில் சிபாரிசு போக வேண்டும். அப்ரைசல் படிவம் கைக்கு வரும் நாளில் தொடங்கினால் பெரும்பாலும் தொகை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நான் முதல் ஆண்டு அப்படித்தான் கோட்டைவிட்டேன். மூன்று பக்கம் உருக்கமாக எழுதினேன். அது போய்ச்சேர்ந்தபோது கணக்கு மூடி 12 நாள் ஆகியிருந்தது.

சிபாரிசு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவருடைய பணி விவரக் குறிப்பில் இல்லாத எந்த வேலையை எல்லாம் இப்போது செய்கிறார், அதனால் மிச்சமான நேரம் அல்லது பணம் எவ்வளவு, தேதியோடு நாலு உதாரணம், அவர் போனால் எந்த வேலை நிற்கும். உதாரணங்களைத் தேடி அலைய வேண்டாம், நோட்டில் இருக்கிறது. "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்பதையெல்லாம் வெட்டிவிடுங்கள். எல்லோருடைய கடிதத்திலும் அது இருக்கும்.

ஆளிடம் என்ன சொல்வது? "சிபாரிசு செய்திருக்கிறேன், முடிவு என் கையில் இல்லை, இந்த மாதத்தில் தெரியும்." இதற்கு மேல் ஒரு சொல் கூடாது. "கண்டிப்பா கிடைச்சிடும்" என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டுக் கிடைக்காமல் போனால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் கழித்துத்தான் கேட்பார். கிடைக்கவில்லை என்றால் ஹெச்.ஆர். மெயில் வருவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள், காரணத்தோடு.

பரிசுத் திட்டங்கள் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. 1973இல் வெளியான ஒரு சோதனையில், ஏற்கெனவே ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த சின்னக் குழந்தைகளுக்கு "வரைந்தால் சான்றிதழ் தருகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சும்மா விட்டுப் பார்த்தபோது, மற்ற குழந்தைகளைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் அவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்த குழந்தைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் ஒன்றில்லைதான். ஆனால் ஆசையாகச் செய்கிற வேலைக்கு விலைச்சீட்டு ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கலாம். "மாதத்தின் சிறந்த ஊழியர்" போட்டியை நான் ஆறு மாதம் நடத்தினேன். ஒருவருக்குச் சந்தோஷம், ஆறு பேருக்கு முணுமுணுப்பு. மூன்றாவது மாதத்திலிருந்து வரிசைப்படி கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். எல்லோருக்கும் அது தெரிந்தும்விட்டது.

8. முதல் பெரிய தவறு நடக்கும் நாள்

அது வந்தே தீரும், அன்று உங்கள் முதல் வாக்கியத்தைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். "யார் செய்தது?" என்று தொடங்கினால் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது. "இப்போது எதை நிறுத்த வேண்டும்?" என்று தொடங்குங்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுவாக இயங்கிய பிரிவுகளில் பிழைப் பதிவுகள் அதிகமாக இருந்தன. அங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்ததால் அதிகம் பதிவானது என்பதுதான் விளக்கம். உங்கள் குழுவிலிருந்து மூன்று மாதமாக ஒரு தவறு கூட வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

மறுநாள் ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்தப் படியில் தடுத்திருக்கலாம், இனி எது மாறும். ஆட்களின் பெயர் வேண்டாம். மேலிடத்துக்குப் போகும் பிரதியில் உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும்.

9. 90ஆம் நாள்: உங்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள்

பெயரில்லாத படிவம் என்று நினைத்தால், 7 பேர் குழுவில் அது சாத்தியமில்லை. கையெழுத்தில் தெரியும், சொல் பழக்கத்தில் தெரியும். அவர்களுக்கும் அது தெரியும். அதனால் நேரடியாகவே, வழக்கமான தனிச் சந்திப்பில் இரண்டு கேள்வி: "நான் செய்வதில் எதை நிறுத்தினால் உங்கள் வேலை சுலபமாகும்?" "நான் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டது எது?" இரண்டாவது கேள்விக்கு முன் அந்த ஆறு பத்திப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது அதில் இல்லை என்றால், கேட்டதாகவே நீங்கள் பதிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் செய்தும் ஒருவர் மட்டும் மந்தமாகவே இருக்கலாம். வீட்டுப் பிரச்சினை, உடல்நலம், அல்லது வேலையே அவருக்குப் பொருந்தாமல் இருப்பது. மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் இரண்டில் லீவு, நேர மாற்றம், நிறுவனத்தில் ஆலோசகர் இருந்தால் அந்த வழி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். மூன்றாவதில் இடமாற்றத்துக்கு நீங்களே முயற்சி எடுங்கள். இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை அவர் வேலையை மற்றவர்கள் சுமக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். அவர்களின் உற்சாகமும் உங்கள் கணக்கில்தான் வருகிறது.

10. நீங்கள் வேறு குழுவுக்குப் போகும்போது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லீட் மாறும்போது பாதி நிறைவேறிய வாக்குகள் எல்லாம் அநாதையாகிவிடும். புதிதாக வருபவர் "எனக்கு யாரும் சொல்லலையே" என்பார், கேட்டவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன் அந்தப் பட்டியலில் முடியாமல் நிற்கும் வரிகளை மட்டும் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதுவரை யாரிடம் பேசியிருக்கிறீர்கள், கடைசியாக என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். சிபாரிசு செய்திருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். புதியவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். பிறகு யார் யார் எதைக் கேட்டார்களோ அவர்களுக்கு அந்தந்த வரியை மட்டும் மெயிலில் அனுப்பி, புதியவருக்கும் காப்பி போடுங்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கிழித்துப் போட்டுவிடுங்கள்.